ஸ்டாண்டர்டு கார்களும் பெருங்களத்தூர்க் கிடங்கும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் இடைப்பட்ட பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை 1988 வரை இயங்கிவந்தது. இந்திய மோட்டார் தொழிலின் வரலாற்றை எழுதுவோர், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உருவான அம்பாசிடரையும் பம்பாயில் உருவான பிரீமியர் பத்மினியையும் விரிவாகப் பேசிவிட்டுச் சென்னையின் ஸ்டாண்டர்டு கார்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. விற்பனையில் அவை மூன்றாம் இடத்திலேயே நின்றன என்பது உண்மைதான். ஆயினும், பழைய கார்களை மீட்டெடுக்கும் தொழிலின் வரலாற்றை, குறிப்பாகக் கிடைத்தற்கரிய உதிரிபாகங்கள் எங்கிருந்து எங்கே எவ்வாறு போய்ச் சேர்ந்தன என்பதை ஆராயப் புகுவோருக்கு, பெருங்களத்தூரைப் போல் வளமான களம் அமைவது கடினம். ஒரு பாகத்தை அரிதாக்குவது அதன் வயது மட்டுமே என்று பலரும் கருதுகின்றனர். அதைச் செய்த ஆலை எப்போது மூடியது, அரசின் கொள்கை எதை இறக்குமதி செய்ய விட்டது, அதே பாகத்தை வேறு எந்த வண்டிகள் பகிர்ந்துகொண்டன ஆகியவற்றுக்கு அதில் வயதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பதை இவ்வூரின் கார்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

மீட்டெடுத்தல் என்பது பழுதுபார்த்தலிலிருந்து வேறுபட்டது. பழுதுபார்ப்பவர் வண்டியை ஓடவைத்தால் போதும். அதற்கு எந்த வண்டியின் பாகம் பொருந்தினாலும் எடுத்து மாட்டிவிடலாம். மீட்டெடுப்பவரோ, ஆலையைவிட்டு வெளிவந்த நாளில் அவ்வண்டி எப்படி இருந்ததோ அந்நிலைக்கு அதைக் கொண்டுவர முயல்கிறார். ஆகவே அவருக்குக் கிடைக்கும் பாகங்களின் தரவரிசையும் வேறு. அக்காலத்திலேயே செய்யப்பட்டு, உறை பிரிக்கப்படாமல் ஏதோ ஒரு கடையின் பரணில் தங்கிவிட்ட பழைய சரக்கு முதலிடம் பெறுகிறது. வேறொரு வண்டியிலிருந்து கழற்றிச் சீராக்கிய பாகம் அதற்கு அடுத்தது. பழைய அளவுகளின்படி இன்று புதிதாகச் செய்த பிரதி மூன்றாவது. இவை எதுவும் அமையாதபோது லேத் பட்டறையில் ஒற்றை எண்ணிக்கையில் கடைந்தெடுப்பதே வழி. வரலாற்று வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், இருப்பதைக் காப்பதற்கே முதன்மை தந்து, மாற்றப்பட்ட பாகங்களில் அவை புதியவை என்று தெரியும்படி உறுத்தாத அடையாளம் இடப்பட வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. பழமையை ஒரு வரலாற்றுச் சான்றாகவே கருதும் இந்தப் பார்வை போற்றத்தக்கது.

சென்னையில் மோட்டார் வண்டி செய்யும் முயற்சி ஸ்டாண்டர்டுக்கு நெடுநாள் முன்பே தொடங்கிவிட்டது. 1840இல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகத் தோன்றிய சிம்ப்சன் கம்பெனியில், 1903ஆம் ஆண்டு சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். பின்னர் 1926 முதல் ஃபோர்டு நிறுவனம் சென்னை உள்ளிட்ட நகரங்களில் கிளைகளை நிறுவியது. எனினும் அக்காலத்து வணிகம் பெரும்பாலும் இறக்குமதியாகவோ, பெட்டிகளில் பிரித்துக் கொண்டுவந்த பாகங்களை இங்கே பூட்டி விற்பதாகவோ இருந்தது. இந்நிலையை மாற்றியது சுங்க வரி ஆணையம். வெறுமனே பூட்டி விற்போர், படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டத்தை அளிக்க வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்ற கொள்கை 1953இல் உறுதிபெற்றதும், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவைவிட்டு விலகின. உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்ற சில நிறுவனங்களுள் ஸ்டாண்டர்டும் ஒன்று.

இந்தியாவின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தை, சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் இணைந்து 1948இல் தொடங்கின. தாய் நிறுவனம் 1903இல் ரெஜினால்டு மாட்ஸ்லே என்பவரால் தோற்றுவிக்கப்பட்டது. இந்தியாவில் முதலில் வந்தது வேன்கார்டு என்னும் பெரிய கார். அதன் 2088 சிசி எஞ்சின் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதால் அதன் அமைப்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. அதன் சிலிண்டர் உறைகள் எஞ்சினின் வார்ப்போடு ஒன்றாக வார்க்கப்பட்டவை அல்ல; தனித்தனிக் குழாய்களாகச் செருகப்பட்டு, புறப்பக்கம் நேரடியாகக் குளிர்நீரில் நனைந்து நிற்பவை. தேய்ந்தால் பழைய உறையை உருவி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம்; எஞ்சினை மொத்தமாகக் கடைய வேண்டியதில்லை. இதே குடும்பத்து எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஸ்டாண்டர்டின் துணை நிறுவனமான டிரையம்ஃபின் டி.ஆர். வகை ஸ்போர்ட்ஸ் கார்களிலும் பொருத்தப்பட்டது. ஒரு காரின் இதயம் உழவுக் கருவியோடு உறவு கொண்டிருந்தமையால், வேன்கார்டு சாலைகளிலிருந்து மறைந்த பிறகும் அதன் எஞ்சினுக்கான பாகங்கள் உலகச் சந்தையில் வற்றிவிடவில்லை.

ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு இந்தியாவில் நிலையான பெயரைத் தேடித் தந்தது ஹெரால்டு. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் 1959 ஏப்ரலில் அறிமுகமான இந்தக் காரின் தோற்றத்தை இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலொட்டி வரைந்தார். அதன் கட்டமைப்பு அன்றைய போக்குக்கு மாறானது. மற்ற நிறுவனங்கள் கூடும் சட்டமும் ஒன்றான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, ஹெரால்டு தனிச் சட்டத்தின்மேல் பல துண்டுகளாகப் போல்ட்டால் இணைக்கப்பட்ட கூட்டைக் கொண்டிருந்தது. காரணம், ஸ்டாண்டர்டுக்குக் கூடு செய்து தந்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953இல் வாங்கிவிட்டதாகும். முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லாததால், பகுதிகளை வெவ்வேறு ஆலைகளில் செய்து ஒன்றுசேர்க்க வேண்டியதாயிற்று. நெருக்கடியில் பிறந்த அந்த ஏற்பாடு, அறுபது ஆண்டுகளுக்குப் பின் மீட்டெடுப்போருக்கு ஒரு வரமாக அமைந்தது. துருப்பிடித்த ஒரு பகுதியை அறுத்தெடுக்காமல் போல்ட்டைக் கழற்றியே மாற்றலாம். முன்பக்கத்து மட்கார்டுகளோடு சேர்ந்த பானெட் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்வதால் எஞ்சினையும் முன் சக்கரங்களின் அமைப்பையும் நின்றவாக்கில் எளிதில் எட்டலாம்.

பெருங்களத்தூரில் 1961 முதல் செய்யப்பட்ட ஹெரால்டு, ஸ்டாண்டர்டு என்ற பெயரையே தாங்கிவந்தது; இங்கிலாந்தில் அப்பெயர் 1963இல் கைவிடப்பட்ட பிறகும் இந்தியாவில் 25 ஆண்டுகள் நிலைத்தது. இங்கிலாந்தில் எஞ்சின் 1147 சிசியாக வளர்ந்தபோதும், இங்கே 948 சிசி எஞ்சினே தொடர்ந்தது. இரு கதவுகள் குடும்பத்தோடு செல்வோருக்குப் போதவில்லை என்பதால், 1960களின் பிற்பகுதியில் வந்த மூன்றாம் வகையில் நான்கு கதவுகள் அமைக்கப்பட்டன. இந்த நான்கு கதவு ஹெரால்டு உலகில் வேறெங்கும் செய்யப்படவில்லை. தனித்தனியே ஊசலாடும் பின்சக்கர அமைப்புக்குப் பதிலாக வழக்கமான முழு அச்சும் பின்னர் பொருத்தப்பட்டது. 1972இல் முன்னும் பின்னும் உருமாற்றிக் கெஸல் என்ற பெயரில் வெளியிட்டனர். அதற்குள் 1969இல் அரசு கார்களின் விலையைக் கட்டுக்குள் கொண்டுவந்திருந்தது. அடுத்து 1973இன் பெட்ரோல் நெருக்கடி வந்தது. 1970களின் பிற்பகுதியில் கெஸல் நின்று, ஆலையில் ஸ்டாண்டர்டு 20 என்னும் வேன் மட்டுமே உற்பத்தியானது.

இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் பாகங்களின் பிற்காலத் தலைவிதியை எழுதின. இங்கிலாந்து ஹெரால்டோடு பொதுவாக இருந்தவை இன்றும் கிடைக்கின்றன. இந்தியாவில் மட்டும் மாறியவை மறைந்துவிட்டன. முன் சக்கர அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். ஹெரால்டின் சட்டத்திலிருந்தே டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் கார் பிறந்து 1980 வரை உற்பத்தியானது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் துண்டை லோட்டஸ் நிறுவனமும் தன் எலான் காருக்கு எடுத்துக்கொண்டது. எனவே ஹெரால்டை நாடுவோர் குறைந்தபோதும் அத்துண்டை நாடுவோர் குறையவில்லை. பிரதி செய்வோருக்கு வாடிக்கையாளர் இருக்கும்வரை ஒரு பாகம் சாவதில்லை.

அந்தத் துண்டின் அடிமுனையில் திருகுபுரி வெட்டப்பட்டிருக்கும். அது ட்ரனியன் எனப்படும் செப்புக் கலப்பு உலோகக் கட்டிக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எஃகுப் புரி அந்தக் கட்டிக்குள் சிறிதளவு சுழலும். ஆலையின் கையேடு இதற்குக் கிரீஸ் கூடாது, 90 தர கியர் ஆயிலே இடவேண்டும் என்கிறது. கிரீஸ் புரியின் அடிவரை இறங்காது. அங்கே நீர் தேங்கினால் எஃகில் நுண்ணிய குழிகள் விழும். நாளடைவில் அக்குழியிலிருந்து வெடிப்பு ஓடித் துண்டு முறியும். முறிந்தால் முன்சக்கரம் வண்டிக்கு அடியில் மடிந்துவிடும். மேலும், வலப்பக்கத்துத் துண்டில் வலஞ்சுழிப் புரியும் இடப்பக்கத்ததில் இடஞ்சுழிப் புரியும் வெட்டப்பட்டுள்ளன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதால், மாதிரி ஒன்றை மட்டும் கையில் கொண்டு லேத் பட்டறைக்குச் செல்பவர் இரண்டையும் ஒரே சுழியில் வெட்டி வாங்கிவர நேரும். உயிரைத் தாங்கும் இத்தகைய பாகத்தைப் பழையதிலிருந்து கழற்றி மறுபடி மாட்டுவதைவிட, உரிய எஃகில் உலைவேலை செய்யப்பட்ட புதிய பிரதியை வரவழைப்பதே பொறுப்பான செயல். அசலான பாகம் என்ற மதிப்புக்காக இவ்விடத்தில் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கலாகாது.

திருகுபுரியின் அளவும் தனிக் கவனம் கோருவது. ஹெரால்டின் போல்ட்டுகள் அங்குல அளவினவான யு.என்.எஃப். வகையைச் சேர்ந்தவை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறியதால், இன்றைய ஹார்டுவேர் கடைகளில் எளிதில் கிடைப்பவை மில்லிமீட்டர் அளவினவே. 5/16 அங்குலப் போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் போல்ட்டோடு ஒப்பிட்டால் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் முன்னதன் புரி இடைவெளி ஏறத்தாழ 1.06 மில்லிமீட்டர், பின்னதற்கு 1.25. இரண்டு மூன்று சுற்றுவரை ஏறிப் பின் இறுகும் அந்தப் போல்ட்டை ஸ்பேனரால் வலிந்து முறுக்கினால், எஞ்சின் வார்ப்பிலுள்ள புரியே உரிந்துபோகும். இத்தனைக்கும் அந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டமும் பிஸ்டனின் ஓட்டமும் 63, 76 மில்லிமீட்டர் என மெட்ரிக்கிலேயே அமைந்தவை. வேன்கார்டைப் போலன்றி இதில் உருவி எடுக்கும் உறை இல்லை. சிலிண்டர் தேய்ந்தால் போரிங் செய்து அகலப்படுத்தி, அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 30, 40 பங்கு கூடுதலான ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். அந்த எல்லையும் தாண்டினால் ஸ்லீவ் எனப்படும் மெல்லிய குழாயை அழுத்திச் செருகிப் பழைய விட்டத்துக்கே திரும்ப வேண்டும்.

இவ்வேலைகளையெல்லாம் சென்னையிலேயே செய்ய முடிந்ததற்குக் காரணம், நகரின் வடக்கிலும் மேற்கிலும் வளர்ந்த துணைத் தொழில்கள். செம்பியத்தில் 1949இல் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் 1960 தொடங்கி அடுத்தடுத்து நிறுவப்பட்ட வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை, சக்கரம், டைனமோ, பிரேக் முதலியவற்றை உள்நாட்டிலேயே தந்தன. இவை ஒரு காரை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஒரே குடும்பத்து டைனமோவோ டிஸ்ட்ரிபியூட்டரோ சிறு மாற்றங்களோடு பல வண்டிகளில் இடம்பெற்றது. இறக்குமதித் தடையின் நெடிய ஆண்டுகளில், எந்த வண்டியின் எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்ற அறிவே மெக்கானிக்கின் உண்மையான முதலீடாக இருந்தது. நூலாக எழுதப்படாமல், பட்டறையில் உதவியாளனாகச் சேரும் சிறுவர்களின் வழியே அது தலைமுறை கடந்தது.

அவ்வறிவின் சந்தை, எழும்பூரை ஒட்டிக் கூவம் கரையோரம் அமைந்த புதுப்பேட்டை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகள் புதிய பாகங்களுக்குப் பெயர்பெற்றவை என்றால், புதுப்பேட்டை வண்டிகளைப் பிரித்து விற்பதற்குப் பெயர்பெற்றது. காலாவதியான வண்டியைப் பிரிக்கும் கடைக்காரர் அதை முழு வண்டியாகப் பாதுகாப்பதில்லை. எஞ்சின் ஓரிடத்துக்கும் கதவுகள் வேறிடத்துக்கும் மீட்டர்கள் மற்றோரிடத்துக்கும் போகும். எஞ்சியது எடைக்கு விற்கப்பட்டு உலைக்குச் செல்லும். இதனால் எங்கும் விலைபோகும் பாகங்கள் தப்பின; ஒரே ஒரு காருக்கு மட்டும் பொருந்துபவை முதலில் அழிந்தன. இரும்பின் விலைக்குமேல் யாரும் கேட்காத கெஸலின் முன்முகப்பு கிரில்லும் நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவும் இவ்வாறுதான் அரிதாயின. புதுப்பேட்டை பழைய கார்களை அழித்த இடம் என்று குறைகூறுவோர் உண்டு. இன்று சாலையில் ஓடும் பழைய வண்டிகள் பலவற்றின் உறுப்புகள் அத்தெருக்களின் வழியாகவே தப்பிவந்தவை என்பதையும் சேர்த்தே அதனை மதிப்பிட வேண்டும்.

பெருங்களத்தூர் ஆலையின் கடைசி முயற்சி 1985இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்தில் 1976இல் அறிமுகமாகி 1986 வரை உற்பத்தியான ரோவர் எஸ்.டி.1 காரின் கூட்டை அப்படியே எடுத்து, அதற்குள் பழைய வேன்கார்டு எஞ்சினின் 1991 சிசி வடிவத்தை வைத்தனர். ரோவரின் கூடு டேவிட் பேச் என்பவரின் வடிவமைப்பு. அக்கார் 1977இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. அதன் இங்கிலாந்து வடிவங்களில் 3.5 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினே புகழ்பெற்றது. அத்தகைய கூட்டை 1940களின் எஞ்சின் இழுக்க வேண்டியிருந்தது. விலையும் பெட்ரோல் செலவும் அதிகம். அதே காலத்தில் மாருதி 800 சந்தையைக் கைப்பற்றிவந்தது. 1988இல் உற்பத்தி நின்றது. ஸ்டாண்டர்டு என்ற பெயர் தாங்கிய உலகின் கடைசிக் கார் அதுவே.

ஆலை மூடினாலும், எதிர்கால உற்பத்தியை எண்ணிச் சேர்த்துவைத்த சரக்கு கிடங்கில் அப்படியே தங்கியது. வழக்குகளும் கடன் தீர்வுகளும் நீண்டு, 2006ஆம் ஆண்டளவில்தான் சொத்துகள் விற்பனைக்கு வந்தன. அப்போது, லிங்கன் நகரை அடுத்து இயங்கும் ரிம்மர் பிரதர்ஸ் என்னும் ஆங்கிலேய உதிரிபாக நிறுவனம், பயன்படுத்தப்படாமல் கிடந்த எஸ்.டி.1 பாகங்கள் முழுவதையும் வாங்கிக்கொண்டது. இங்கிலாந்தின் ஈரக் காற்றிலும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பிலும் எஸ்.டி.1 கார்கள் விரைந்து துருப்பிடித்தவை. புதிய தகடுகள் கிடைக்காமல் அங்குள்ளோர் தவித்துக்கொண்டிருந்தனர். சென்னையில் விலைபோகாத காரின் பாகங்கள், அக்காரின் பிறந்த நாட்டில் பிற எஸ்.டி.1களை மீட்டன. இந்திய உற்பத்திக் கொள்கை ஒரு வெளிநாட்டு மரபைக் காக்கப் பயன்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. எஸ்.டி.1ஐ விரும்பும் ஆங்கிலேயர்கள் பெருங்களத்தூருக்குக் கடன்பட்டவர்கள் என்று சொன்னால் அது மிகையாகாது. ஆலை நின்ற இடத்தில் இப்போது தகவல் தொழில்நுட்ப வளாகம் எழுந்துள்ளது.

எதிர்த்திசையில் வருவதும் உண்டு. இந்திய ஹெரால்டை மீட்டெடுப்போர் ட்ரனியன், கேஸ்கெட், ரப்பர் புஷ் போன்றவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கின்றனர். ஆனால் நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவுச் சட்டமும் அதன் கண்ணாடியும் ரப்பர் விளிம்பும் கெஸலின் முகப்பும் எந்த நாட்டின் பட்டியலிலும் இல்லை. தகட்டை அடித்து வளைக்கும் டிங்கரிங் வேலையில் தேர்ந்தவர், நல்ல நிலையிலுள்ள மற்றொரு வண்டியின் கதவிலிருந்து அளவெடுத்து, பலகையில் அச்சு செய்து, துண்டு துண்டாகத் தட்டி இணைத்தே இவற்றை உருவாக்க வேண்டும்.

இதற்கிடையே, 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தனியே பதிவுசெய்யும் விதிகளை மத்திய அரசு 2021இல் வெளியிட்டது. அதன்படி பதிவெண்ணில் வி.ஏ. என்னும் எழுத்துகள் இடம்பெறும். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ வண்டியைப் பயன்படுத்த இயலாது. சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பதும் விதி. பெருங்களத்தூரின் ஹெரால்டுகள் அனைத்தும் இவ்வயதைக் கடந்துவிட்டன, கெஸல்கள் கடந்துவருகின்றன, ஸ்டாண்டர்டு 2000 அந்நிலையை எட்ட 2035 ஆகும். ஆலையே ஆண்டுதோறும் சிறு மாற்றங்கள் செய்துவந்த கார்களில் எது அசல் வடிவம் என்று காட்ட, எஞ்சியுள்ள வண்டிகளே முதன்மையான சான்று. அவற்றின் கதவு, கண்ணாடி, கிரில் ஆகியவற்றின் அளவுகளை உரிமையாளர்கள் முன்வந்து வரைபடமாகப் பதிவு செய்வது, அடுத்த வண்டிக்கு அச்சு செய்யவும் உதவும், பதிவு அலுவலகத்தில் ஆவணமாகவும் பயன்படும்.